36 வீதத்தில இருந்து 15 வீதத்துக்கு மாறலாமா: டொலர் கொன்ட்ராக்ட் வந்த தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, உங்கட கேள்விய ரெண்டு தரம் வாசிச்சன். மற்றாக்களுக்கும் விளங்கட்டும் எண்டு ஒருக்கா சுருக்கிச் சொல்லிட்டு வாறன். நீங்க திருகோணமலை உவர்மலையில வீட்டில இருந்தபடி கொழும்பு கொம்பனி ஒண்டுக்கு சொஃப்ட்வெயார் வேலை செய்யிறீங்க, மாசம் 4 லட்சம் சம்பளம், அதில பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 3 லட்சம், மாசாமாசம் 50,000 ரூபா வரி வெட்டுப்படுது. இப்ப மெல்பர்ன் கொம்பனி ஒண்டு அதே 4 லட்சத்துக்குச் சரியான காச டொலர்ல தாறம், கொன்ட்ராக்டா வாங்கோ எண்டு கேக்குது. கூட்டாளிமார் "சம்பளத்துக்கு 36 வீதம், டொலருக்கு 15 வீதம், இதில யோசிக்க என்ன இருக்கு" எண்டு சொல்லுறாங்களாம். யோசிக்கக் கனக்க இருக்கு தம்பி. நான் 25 வருசத்துக்கு மேல கணக்கு வேலை செய்யிறன், கடந்த ரெண்டு வருசமா இந்தக் கேள்வியோட எங்கட வீட்டு வாசலுக்கு வாற பிள்ளைகள் கூடிக்கொண்டே போகுது, அதால ஆறுதலா எழுதுறன், நீங்களும் ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல ஒரு பழைய கதைய வெட்டி விடுறன். "வெளிநாட்டுக்கு வேலை செய்து டொலர் எடுத்தா வரியே இல்ல" எண்டு உப்புவெளியில இருந்து கிண்ணியா வரைக்கும் இன்னும் ஆக்கள் சொல்லிக்கொண்டு திரியினம். அது 2025 மார்ச் 31 வரைக்கும் சரி. 2025 ஏப்ரல் 1 இல இருந்து அந்த வருமானத்துக்கும் வரி வந்திட்டுது, ஆகக் கூடினது 15 வீதம் எண்டு எல்லை போட்டிருக்கினம். அதே நாள்ல இருந்துதான் எல்லாருக்குமான தனிப்பட்ட நிவாரணமும் வருசத்துக்கு 12 லட்சத்தில இருந்து 18 லட்சமா கூடினது, மாசக் கணக்கில எண்டா முதல் 150,000 க்கு வரி இல்ல. ரெண்டையும் ஒண்டாத்தான் பாக்க வேணும்.

இப்ப சம்பளக்காரருக்கு எப்பிடி ஏறுது எண்டு பாருங்கோ. 18 லட்சம் கழிச்சு மிச்சம் வாற காசில முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 லட்சத்துக்கு 18, அதுக்கடுத்த 5 லட்சத்துக்கு 24, பேந்து ஒரு 5 லட்சத்துக்கு 30, அதுக்கு மேல வாறதுக்குத்தான் 36. உங்கட வருச சம்பளம் 48 லட்சம், 18ஐக் கழிச்சா 30 லட்சம். 60,000, 90,000, 120,000, 150,000, கடைசி 5 லட்சத்துக்கு 180,000, எல்லாம் கூட்டினா 6 லட்சம், மாசத்துக்கு 50,000. சம்பள ஸ்லிப்பில இருக்கிற கணக்கு சரிதான். ஆனா ஒண்டைக் கவனியுங்கோ, நீங்க 36 வீதம் கட்டேல்ல. கடைசி 5 லட்சத்துக்கு மட்டும்தான் அந்த 36. முழுச் சம்பளத்தோட ஒப்பிட்டா நீங்க கட்டுறது 12 அரை வீதம். இத ஆக்கள் விளங்கிக்கொள்ளாததாலதான் 36க்கும் 15க்கும் இடையில 21 வீதம் மிச்சம் வரும் எண்டு மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வேலைய விடப் பாக்கினம்.

அதே 48 லட்சம் டொலரா வந்தா? நிவாரணம் அதே 18 லட்சம், முதல் 10 லட்சத்துக்கு அதே 6 வீதம், மிச்ச 20 லட்சத்துக்கு 15 வீதம். 60,000 உம் 3 லட்சமும், மொத்தம் 360,000, மாசத்துக்கு 30,000. அப்ப உண்மையான வித்தியாசம் மாசம் 20,000 ரூபா. 20,000 சின்னக் காசு எண்டு சொல்ல வரேல்ல, ஆனா அந்த 20,000ஐ எடுக்கிறதுக்கு நீங்க எதை விடுறீங்க எண்டதுதான் என்ட முழுப் பதிலும்.

ஸ்லிப்பை எடுத்து பேசிக் எண்டு போட்டிருக்கிற வரியப் பாருங்கோ, பாதிப் பேர் அதைக் கண்டுகொள்ளுறதே இல்ல. உங்களுக்கு பேசிக் 3 லட்சம். அதில உங்கட 8 வீதம் ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) போகுது, அது உங்கட காசுதான், விடுங்கோ. கொம்பனி தன்ட கையால 12 வீதம் ஈபிஎஃப்புக்கும் 3 வீதம் ஈடிஎஃப்புக்கும் (ஊழியர் நம்பிக்கை நிதி) போடுது, அது 36,000 உம் 9,000 உம், மாசம் 45,000. இந்தக் காசு உங்கட கைக்கு வாறதில்ல, அதால உங்கட கண்ணுக்கும் தெரியிறதில்ல. கொன்ட்ராக்டில போற அண்டைக்கே அது நிண்டிடும். மெல்பர்ன்காரன் உங்களுக்கு ஈபிஎஃப் போடப் போறதில்ல. அப்ப வரியில 20,000 மிச்சம் பிடிக்கப் போய் சேமிப்பில 45,000 போகுது.

அதோட கிரச்சுட்டி (பணிக்கொடை) இருக்கு. 1983 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்தில 5 வருசம் முடிச்சா ஒவ்வொரு வருசத்துக்கும் கடைசியா எடுத்த சம்பளத்தில அரை மாசம். உங்கட பேசிக்குக்கு வருசம் 150,000, மாசத்துக்குப் பிரிச்சா 12,500. நீங்க அங்க நாலு வருசம் எண்டு எழுதியிருக்கிறீங்க, இன்னும் ஒரு வருசம் இருந்தா அஞ்சு வருசக் கணக்கில ஏழரை லட்சம் உங்கட உரிமை. நாலாவது வருசத்தில எழும்பி வந்தா அது கையில வராது. இந்த ஒரு விசயத்துக்காகவே நான் உங்கட இடத்தில இருந்தா இப்ப அவசரப்பட மாட்டன்.

சம்பளப் பக்கம் மொத்தமா பாத்தா வரி போக 350,000, கொம்பனி போடுற 45,000, கிரச்சுட்டிக்கு 12,500, எல்லாம் 407,500. கொன்ட்ராக்ட் பக்கம் வரி போக 370,000, அவ்வளவுதான். மாசம் 37,500 குறையுது. 36க்கும் 15க்கும் மட்டும் கணக்குப் பாத்தா இது தெரியவே தெரியாது.

சரி அப்ப எவ்வளவு கேட்டா சரி வரும் எண்டு கேப்பீங்க. நான் போட்டுப் பாத்தன், மாசம் 444,000 அளவில ரெண்டும் ஒண்டுக்கொண்டு சமன். ஆனா அதில லீவு சேரேல்ல. கந்தோர் வேலையில வருசத்துக்கு 14 நாள் ஆண்டு லீவும் 7 நாள் கஷுவல் லீவும் சம்பளத்தோட கிடைக்குது, போயாவும் மற்ற விடுமுறையும் வேற. கொன்ட்ராக்டில மணிக்கணக்குக்குக் காசு எண்டா நீங்க ஆடி அமாவாசைக்கு நிண்டாலும் காய்ச்சல்ல படுத்தாலும் அண்டைக்குக் காசு இல்ல. 21 நாள் எண்டா கிட்டத்தட்ட ஒரு மாச வேலை நாள். அதையும் போட்டா 480,000க்குக் கீழ வாற ஒரு ஒஃபருக்கும் நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன். போனஸ், மெடிக்கல் இன்சூரன்ஸ் உங்கட கொம்பனியில இருந்தா இன்னும் மேல போக வேணும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, அதையும் சொல்லிப் போடுறன். மாசம் 250,000 எடுக்கிற பிள்ளைக்கு சம்பளத்தில வரி 8,000, டொலர்ல 7,500. வித்தியாசம் வெறும் 500 ரூபா! அந்தப் பிள்ளைக்கு 15 வீதம் எண்ட கதையே தேவையில்ல. மாசம் 8 லட்சம் எடுக்கிறவருக்கு சம்பளத்தில 194,000, டொலர்ல 90,000, லட்சத்துக்கு மேல வித்தியாசம், அங்க யோசிக்க ஞாயம் இருக்கு. பேசிக் என்ன எண்டதும் முழுக்கணக்கையும் புரட்டிப் போடும். சில கொம்பனியில 4 லட்சம் சம்பளம் எண்டு சொல்லி பேசிக்க ஒரு லட்சமா வச்சு மிச்சத்த அலவன்ஸா தாறாங்கள், ஈபிஎஃப்பையும் அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும்தான் போடுறாங்கள். அப்பிடிப்பட்ட ஆளுக்கு கொம்பனி போடுறது 15,000 தான், கிரச்சுட்டியும் மாசம் 4,000 சொச்சம், ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமனா நிக்கும். அதாலதான் கூட்டாளி மாறினவன் எண்டு நீங்க மாறக்கூடாது எண்டு சொல்லுறன், அவன்ட ஸ்லிப் வேற உங்கட ஸ்லிப் வேற.

டொலர் பக்கத்தில நல்லதும் இருக்கு, அதை மறைக்கேல்ல. சம்பளக்காரனுக்கு செலவு கழிக்க ஏலாது, கரண்ட் பில் என்ன இன்டர்நெட் பில் என்ன, எல்லாம் உங்கட தலையில. கொன்ட்ராக்ட் எண்டா அது உங்கட தொழில், அந்த வருமானத்தை உழைக்கப் போன செலவைக் கழிச்சிட்டுத்தான் வரி. 5 லட்சத்துக்கு லப்டொப் வாங்கினா அதை 5 வருசத்துக்குப் பிரிச்சு வருசம் ஒரு லட்சமா கழிக்கலாம். ஆனா அதால குறையிற வரி வருசத்துக்கு 15,000 தான், ஏனெண்டா உங்கட வீதமே 15. பில்லுகளை ஒழுங்கா வச்சிருக்கிறவனுக்குத்தான் அதுவும்.

இதே விசயம் மறுபக்கத்தால பாத்தா இன்னும் வடிவா விளங்கும். சோலர் போடுறதுக்கு வருசம் 6 லட்சம் வரைக்கும் நிவாரணம் இருக்கு, தேசிய மின்கட்டமைப்போட இணைச்சதா இருக்க வேணும், வங்கியில லோன் எடுத்துப் போட்டா திருப்பிக் கட்டுற காசுக்கும் கேக்கலாம். எங்கட ஊர் வெயிலுக்கு கூரையில சோலர் இல்லாத வீடு குறைஞ்சுகொண்டு வருது, நீங்களும் போடப் போறம் எண்டு எழுதியிருந்தீங்க. சம்பளத்தில இருந்துகொண்டு 6 லட்சத்துக்கு அந்த நிவாரணத்தைக் கேட்டா உங்களுக்கு வரியில 210,000 குறையும், மேல் படியில இருக்கிற 36உம் 30உம் தான் வெட்டுப்படுது. அதே 6 லட்சத்துக்கு டொலர் பக்கத்தில 90,000 தான் குறையும். அந்த வருசம் ரெண்டுக்கும் இடையில இருக்கிற வரி வித்தியாசமே மாசம் 20,000 இல இருந்து 10,000 ஆ இறங்கிடும். வீதம் குறைஞ்ச இடத்தில கழிவின்ட பெறுமதியும் குறையும், வீதம் கூடின இடத்தில கழிவு கனக்கும். சம்பளக்காரர் இதை ஸ்லிப்பில எதிர்பாக்கக்கூடாது, கொம்பனி வெட்டேக்க இதைப் பாக்காது, வருசம் முடிய நீங்கதான் ரிட்டர்ன் (வருமான வரி விபரத்திரட்டு) போட்டுத் திருப்பிக் கேக்க வேணும். கனக்கப் பேர் அந்த ஒரு ரிட்டர்ன் போடப் பஞ்சிப்பட்டு ரெண்டு லட்சத்தை விட்டிட்டு இருக்கினம், பாக்க எனக்கு வயிறு எரியும்.

இப்ப ஒரு முக்கியமான எச்சரிக்கை. 15 வீதம் எண்டது கொன்ட்ராக்டில வேலை செய்யிற எல்லாருக்கும் இல்ல. சேவை வெளிநாட்டில இருக்கிறவருக்குப் போக வேணும், அங்க பாவிக்கப்பட வேணும், காசு வெளிநாட்டு நாணயத்தில வங்கி வழியா இலங்கைக்குள்ள வர வேணும். இந்த மூண்டில ஒண்டு இல்லாட்டியும் சாதாரணப் படிதான், 36 வரைக்கும் ஏறும்.

என்ட அக்காவின்ட மகனுக்கு நடந்ததைச் சொல்லுறன். கொழும்பில அவன் வேலை செய்த இடத்தில ஒருநாள் கூப்பிட்டு, இனிமே நீங்க கன்சல்டன்ட், சம்பளத்துக்குப் பதிலா இன்வொய்ஸ் போடுங்கோ, கையில கூட வரும் எண்டு சொல்லியிருக்கினம். அவனும் சந்தோசமா கையெழுத்து வச்சிட்டான். ஈபிஎஃப் நிண்டுது, ஈடிஎஃப் நிண்டுது, கிரச்சுட்டிக்கு ஓடின வருசமும் அண்டையோட நிண்டுது. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல வாற சேவைக் கட்டணத்துக்கு 5 வீதம் மட்டும் பிடிச்சிட்டுக் குடுத்தவை, அவன் அதுதான் முழு வரி எண்டு நினைச்சு மிச்சத்தை வீட்டுக்குச் செலவழிச்சான். உள்ளூர்க் கொம்பனிக்குச் செய்த சேவை, ரூபாயில வந்த காசு, 15 எப்பிடிப் பொருந்தும்? வருசக் கடைசியில ரிட்டர்ன் போடேக்க சாதாரணப் படியில கணக்கு வந்து நிண்டுது, பிடிச்ச 5 வீதத்தைக் கழிச்சாலும் லட்சக்கணக்கில பாக்கி. அக்கா தன்ட காப்பை அடைவு வச்சுத்தான் கட்டினவா. நான் இதே ஊரில இதே வேலை செய்துகொண்டிருக்கிறன், அவன் கையெழுத்து வைக்க முதல் ஒரு கோல் எடுத்திருந்தா தடுத்திருப்பன், அந்தக் கவலை எனக்கு இண்டைக்கும் இருக்கு. அதாலதான் உங்களுக்கு இவ்வளவு நீளமா எழுதுறன்.

மெல்பர்ன் ஒஃபர் அப்பிடி இல்ல, அது உண்மையான வெளிநாட்டுச் சேவைதான். ஆனா காசு வாற வழிய இப்பவே பேசி எழுத்தில எடுங்கோ. உங்கட பேருக்கு வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒண்டு திறந்து இன்வொய்ஸ் நம்பரோட நேரா வங்கிக்கு வரட்டும், வங்கி தாற துண்டை மாசாமாசம் ஒரு ஃபைல்ல போடுங்கோ. அங்க இருக்கிற மாமா எடுத்துத் தருவார், உண்டியல்ல (வங்கிக்கு வெளியால காசு அனுப்புற வழி) போட்டா ரேட் கூட எண்டு ஆராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்கோ, வங்கியில தடம் இல்லாட்டி 15ஐ நீங்க கேக்க ஏலாது.

வரி கட்டுற முறையும் மாறும். இப்ப கொம்பனி வெட்டிக் கட்டுது, நீங்க திரும்பியும் பாக்கிறதில்ல. கொன்ட்ராக்டில நீங்களே ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 எண்டு நாலு தவணையா கட்ட வேணும், மிச்சம் இருந்தா செப்டம்பர் 30க்கு முதல், ரிட்டர்ன் நவம்பர் 30க்கு முதல். டொலர் வாற அண்டைக்கே 15 வீதத்தை வேற கணக்குக்கு மாத்திப் போடுற பழக்கம் வராத ஆளுக்கு இந்த முறை சரி வராது, நான் பாத்த ஆக்கள்ல பாதிப் பேருக்கு வரேல்ல.

வரிக்கு வெளிய ரெண்டு மூண்டு விசயம், கெதியா சொல்லிட்டுப் போறன். மெல்பர்ன் காலமை 9 மணி எண்டா எங்கட 4:30, அங்க கோடைக்கு மணிக்கூட்டை மாத்தினா 3:30, அதோட வருசக்கணக்கா வாழ ஏலுமா எண்டு பாருங்கோ. வீடு கட்ட லோன் எடுக்கப் போறீங்க எண்டா வங்கிக்கு சலரி ஸ்லிப் எண்டா கதை லேசு, கொன்ட்ராக்ட் எண்டா ரெண்டு மூண்டு வருசக் கணக்கும் ரிட்டர்னும் கேப்பினம், அதால லோன் வேலைய முடிச்சிட்டு மாறுறது புத்தி. டொலர் ஏறுறது உங்கட பக்கம் எண்டதும் உண்மைதான், 2022 மார்ச் தொடக்கத்தில 200 சொச்சமா இருந்தது மே மாசம் 360க்குக் கிட்டப் போனது எல்லாரும் கண்டது, ஆனா அடுத்த வருசம் அது இறங்கினதையும் கண்டம்.

என்ட மனசில இருக்கிற வழி வேற. உங்கட கொம்பனி ஒப்பந்தத்தில வெளி வேலை செய்யக்கூடாது எண்டு இல்லாட்டி, அல்லது கேட்டு எழுத்தில அனுமதி எடுக்க ஏலும் எண்டா, சம்பளத்தை வச்சுக்கொண்டு மெல்பர்ன்காரனுக்கு கிழமைக்கு கொஞ்ச மணித்தியாலம் செய்து குடுங்கோ. 18 லட்சம் நிவாரணம் ஒரு ஆளுக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான், வருமானத்துக்கு ஒண்டு எண்டு இல்ல, அதுவும் 6 வீதப் படியும் உங்கட சம்பளத்திலயே முடிஞ்சிடும். அதால டொலரா வாற காசுக்கு முதலாவது ரூபாயில இருந்தே 15 வீதம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. மாசம் 150,000 வந்தா 22,500 வரி, 127,500 கையில. அது சம்பளத்துக்கு மேல வந்தாலும் 36க்கு ஏறாது, அங்கதான் இந்த 15 வீத எல்லை உங்களுக்கு உண்மையா உதவுது. ஈபிஎஃப் ஓடும், அஞ்சாவது வருசமும் முடியும், மெல்பர்ன்காரன் ஒழுங்கா காசு தாறானா எண்டும் தெரிய வரும்.

அம்மாவின்ட எஃப்டி (வங்கி நிலையான வைப்பு) பற்றியும் கடைசியில ஒரு வரி கேட்டிருந்தீங்க. வட்டியில பிடிக்கிறது 2025 ஏப்ரல்ல இருந்து 5 வீதத்தில இருந்து 10 வீதமா கூடிட்டுது. அது பிடிச்சா முடிஞ்ச வரி இல்ல, முற்பணம் மாதிரி. அம்மா இளைப்பாறின ரீச்சர், அரசாங்கப் பென்சனுக்கு வரி இல்ல, வட்டி வருசம் 6 லட்சம் எண்டா 18 லட்சத்துக்குக் கிட்டவும் வராது. அப்ப வங்கியில சுய பிரகடனப் படிவம் ஒண்டை நிரப்பிக் குடுத்தா பிடிக்கவே மாட்டினம். குடுக்காட்டி வருசம் 60,000 போய்ப் பேந்து ரிட்டர்ன் போட்டுத் திருப்பிக் கேக்க வேணும், அந்த வயசில அவாவை அலைக்காதீங்கோ. ஒவ்வொரு வருசமும் ஏப்ரல்ல புதுசா குடுக்க வேணும், சித்திரை வருசப்பிறப்புக்கு வங்கி பூட்ட முதல் கூட்டிக்கொண்டு போங்கோ.

மாறுறது எண்டே முடிவெடுத்தா ஏப்ரல் 1 இல இருந்து மாறுங்கோ, வரி வருசம் அண்டைக்குத்தான் தொடங்குது, நடு வருசத்தில மாறினா ரெண்டு கணக்கும் கலந்து தலையிடி. வேலைய விடேக்க கொம்பனிட்ட இருந்து ரி 10 சான்றிதழை மறக்காம கேட்டு எடுங்கோ, வெட்டின வரிக்கு அதுதான் சாட்சி. மெல்பர்ன்காரனுக்கு இப்பவே பதில் எழுத வேணும் எண்டா 480,000க்குச் சரியான டொலர் கேட்டு எழுதுங்கோ, ஒப்பந்தத்தில எத்தனை நாள் நோட்டீஸ் எண்டும் கேளுங்கோ. அவங்கட பதிலும் உங்கட சலரி ஸ்லிப்பும் கையில இருந்தா திரும்ப எழுதுங்கோ, உங்கட சரியான இலக்கத்தில நான் போட்டுத் தாறன்.